தோட்டத்து கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற: பழைய டெக்கும் பெரிங்கர் யூசிஏ 202 பெட்டியும்

கேசட்டில் இருக்கும் பாட்டைக் கணினிக்கு மாற்ற என்ன வாங்கலாம் என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பலர் கேட்கிறார்கள், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடுகிற பழைய கேசட் டெக் ஒன்று, டெக்கின் சத்தத்தைக் கணினிக்குள் அனுப்பும் பெரிங்கர் யூசிஏ 202 என்ற சின்னப் பெட்டி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான். இணையக் கடைகளில் வாக்மேன் மாதிரி தோற்றத்தில் யூ.எஸ்.பி. ஒயரோடு விற்கிறார்களே, அது வேண்டாம். விலை குறைவு, கைக்கு அடக்கம், எல்லாம் சரி, ஆனால் நம்மிடம் இருக்கிற டேப்புகளுக்கு அது பொருந்தாது.

எந்த டேப் என்று சொன்னால்தான் காரணம் புரியும். சினிமாப் பாட்டுக் கேசட்டை மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியதே இல்லை, அதெல்லாம் நம் கேசட்டை விடத் தெளிவாக இணையத்திலேயே கிடைக்கிறது. நான் பேசுவது வீட்டிலும் கோயிலிலும் பதிவு செய்த டேப்புகளைப் பற்றி. எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் திருவிழா என்றால் யாராவது ஒரு கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) கடைக்காரரோ ரேடியோ கேசட்டைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்துப் பதிவுப் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். உறுமி மேளம், மார்கழி பஜனை, தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து நடத்திய இசைக்குழு, கல்யாண வீட்டில் மாமன்மார் பாடிய பாட்டு, எல்லாம் டிடிகே டி60 என்ற 60 நிமிடக் கேசட்டுகளில் கிடக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகளை இடித்தார்கள், சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டார்கள், வாசித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. அந்தச் சத்தத்துக்கு இருக்கிற ஒரே பிரதி அந்த டேப்தான். அதை மலிவான கருவியில் போட்டு இழுப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே ஒரு கோயில் கமிட்டி அந்த யூ.எஸ்.பி. பிளேயர் ஒன்றை வாங்கி வைத்திருந்தது, அதில்தான் ஒரு டேப்பை முதலில் போட்டுக் கேட்டோம். அந்தப் பதிவில் வாசித்த பெரியவர் ஒருவரும் கூட இருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சுருதி ஆடுது தம்பி, நாங்க அப்படி வாசிக்கல" என்றார். உண்மைதான், ஆடியது. கேசட் என்பது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய பொருள். டேப்பின் அகலமே 3.81 மில்லிமீட்டர்தான், அதில் இரண்டு பக்கமும் பதிந்திருக்கிறது. இவ்வளவு மெதுவாக ஓடும் இவ்வளவு குறுகிய டேப்பில் வேகம் துளி மாறினாலும் காதில் விழும். பழைய டெக்கில் கனமான சுழல்சக்கரம் இருந்து அந்த வேகத்தைப் பிடித்து வைக்கும், இந்தச் சின்னப் பிளேயரில் அதற்கு இடமே இல்லை. நாதஸ்வரமோ ஆர்மோனியமோ ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அந்த நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும். போதாக்குறைக்கு யூ.எஸ்.பி. வழியாகக் கணினி தருகிற மின்சாரத்திலிருந்து ஒரு கீச்சொலி வேறு பாட்டின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பிறகு எப்படி எடுப்பது? எடுக்கப் போனால் பாட்டும் சேர்ந்து போகும்.

ஆகவே காசு செலவழிக்க வேண்டிய இடம் டெக். கணினியும் பெட்டியும் வருகிற சத்தத்தை அப்படியே எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். டேப்பிலிருந்து சத்தத்தை எடுக்கும் வேலை டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டிலும் அதை ஓட்டும் மோட்டாரிலும் நடக்கிறது. வீட்டு வரவேற்பறை ஹைஃபை செட்டின் கூட ஒரு காலத்தில் டெக் வந்ததே, அது யார் வீட்டு ஸ்டோரிலாவது இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். பல வருடம் சும்மா கிடந்தால் உள்ளே பெல்ட் இளகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும், பெல்ட் மாற்றத் தெரிந்த ரிப்பேர்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஈப்போவில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். பழையது வாங்குவதாக இருந்தால் ஆர்மோனியமோ புல்லாங்குழலோ உள்ள ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய் முழுப் பக்கமும் ஓடவிட்டுக் கேட்டு வாங்குங்கள், விற்கிறவர் அவசரப்படுத்தினால் வந்துவிடுங்கள். புத்தம் புதிதாக வருகிற டெக்குகளில் டோல்பி என்ற இரைச்சல் குறைக்கும் வசதி இல்லை, ஓட்டும் பொறியும் பழைய தரத்தில் இல்லை, அதனால் புதுசு என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை எடுக்க வேண்டாம். டோல்பி என்றதும் இன்னொன்று: வீட்டில் ரேடியோ கேசட்டில் பதிந்தவை பெரும்பாலும் டோல்பி இல்லாமல் பதிந்தவை. அந்தப் பொத்தானை அணைத்தே வையுங்கள், போட்டால் இரைச்சல் குறைந்த மாதிரி இருக்கும், கூடவே பாட்டின் தெளிவும் குறையும்.

ஓட்டுவதற்கு முன்னால் கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகத் தூசி மாதிரி புள்ளிகள் இருந்தால் அது பூசணம். நம் ஊர் ஈரத்துக்கு, அலமாரிக்குள் வருடக்கணக்கில் இருந்த கேசட்டுகளில் இது சர்வ சாதாரணம். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அந்தக் கேசட்டுகளைத் தனியாகப் பிரித்து, உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு பொறுமையாகத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டாக இருந்தாலும் முதலில் ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, இறுக்கம் தளர்ந்த பிறகு பாடவிடுங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு விழுந்துபோன கேசட்டுகளும் உண்டு, அவற்றில் சத்தம் மங்கி மங்கி வரும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஸ்குரூ வைத்த கேசட் என்றால் வேலை சுலபம், டேப்பை எடுத்து இன்னொரு நல்ல கூட்டுக்குள் வைத்துவிடலாம். ஒட்டி மூடிய கேசட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அடிக்கடி துடையுங்கள், பார்மசியில் கிடைக்கும்.

இனி, நிறைய பேர் செய்யாமல் விடும் வேலை. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், ஹெட் டேப்புக்கு நேராக நிற்கிறதா சாய்ந்து நிற்கிறதா என்பதை அது தீர்மானிக்கிறது. பதிவு செய்த ரேடியோவின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நம் டெக்கும் இருந்தால்தான் மேல் சத்தங்கள் முழுசாக வரும். பஜனை டேப் என்றால் ஜால்ராவைக் கேட்டுக்கொண்டே ஸ்குரூவை மிக மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் ஜால்ரா பளிச்சென்று திறக்கும், அங்கே நிறுத்துங்கள். இது கேசட்டுக்குக் கேசட் மாறும். எந்த மென்பொருளாலும் இதற்கு ஈடு செய்ய முடியாது, பதிவிலேயே வராத சத்தத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

பெரிங்கர் பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே அதன் நல்ல குணம். உள்ளங்கையில் அடங்கும், தனியாக மின்சாரம் வேண்டாம், டெக்கின் பின்புறத்திலிருந்து சிவப்பு வெள்ளை ஒயரை இதில் செருகி, இதன் யூ.எஸ்.பி. ஒயரைக் கணினியில் செருகினால் வேலை முடிந்தது. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும், கேசட்டுக்கு அது தாராளம். பக்கத்தில் ஹெட்போன் துளையும் ஒலியளவுத் திருகும் இருப்பதால் பதிவாகும்போதே கேட்டுக்கொண்டிருக்கலாம். சிவப்பு நிறத்தில் 222 என்று வருவதும் ஏறக்குறைய இதுவே. மடிக்கணினியில் இருக்கிற மைக் துளையில் நேராகச் செருகினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அந்தத் துளை பெரும்பாலும் மோனோ, அதுவும் மைக்கின் மெல்லிய சத்தத்துக்காகச் செய்தது, டெக்கின் சத்தத்தை அது தாங்காது.

குறை என்று பார்த்தால் உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இந்தப் பெட்டியில் இல்லை. டெக் அதிகச் சத்தம் தந்தால் உச்சங்கள் வெட்டுப்படும், திரையில் அளவைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். உறுமியில் இது உடனே தெரிந்துவிடும். வழி இருக்கிறது: டெக்கின் முன்பக்க ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்தால் அங்கே இருக்கும் திருகால் குறைத்துக்கொள்ளலாம். உச்ச அடி மைனஸ் 6 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி வைத்தால் நிம்மதி. விண்டோஸ் சில நேரம் இந்தப் பெட்டியை மைக் என்று எடுத்துக்கொள்ளும், ஒலி அமைப்புகளுக்குள் போய் இரண்டு சேனலாக மாற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். சிவப்புப் பொத்தானை அமுக்குவது, பக்கம் முடியும் வரை காத்திருப்பது, இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம், குறுக்கு வழி கிடையாது. ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், டேப் சிக்கிக்கொண்டால் அந்த நொடியிலேயே நிறுத்தவேண்டும்.

வேகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது நம் தோட்டத்து டேப்புகளுக்கு ரொம்ப முக்கியம். பேட்டரியில் ஓடிய ரேடியோ கேசட்டில் பதிந்தவை நிறைய. பேட்டரி இறங்கினால் பதிவு செய்யும்போது டேப் மெதுவாக ஓடியிருக்கும், இப்போது சரியான வேகத்தில் போட்டால் பாடியவர் குரல் பிள்ளைக் குரலாக ஏறிவிடும். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மைக் செட்டின் ரீங்காரம் அந்தப் பதிவில் அடியில் ஓடிக்கொண்டிருந்தால், பாட்டு இல்லாத ஓர் இடத்தை எடுத்து ஆடாசிட்டியின் அதிர்வெண் வரைபடத்தில் (Plot Spectrum) பாருங்கள். முகடு 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 52-இல் இருந்தால் டேப் நாலு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள், வேகத்தை 0.962 மடங்கு ஆக்கினால் குரல் தன் இடத்துக்கு வந்துவிடும். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அளவு வேறாக இருக்கலாம், பாட்டுப் பாட்டாகப் பிரித்துச் சரி பாருங்கள். ஜெனரேட்டர் வைத்து நடத்திய திருவிழா என்றால் இந்தக் கணக்கை நம்ப முடியாது, ஜெனரேட்டர் 50-இல் நிற்காது. அங்கே ஆர்மோனியம்தான் கை கொடுக்கும். அந்த ஆர்மோனியம் யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால் கட்டையை அமுக்கிப் பதிவோடு ஒத்துப் பாருங்கள், ஆர்மோனிய நாக்கின் சுருதி எளிதில் மாறாது. இதை ஒரு பஜனை டேப்புக்குச் செய்தபோது, "இதுதான் எங்கப்பா குரல்" என்று அந்த வீட்டு அக்கா அடையாளம் சொன்னார். அதுவரை அவருக்கு யாரோ பாடுவதாகவே தோன்றியிருக்கிறது.

சரிசெய்ய முடியாததும் உண்டு. பழைய ரேடியோ கேசட்டுகள் சத்தத்தைத் தாமே சமப்படுத்தும். உறுமி ஓங்கி அடித்ததும் எல்லாச் சத்தமும் அமுங்கி, மெல்ல மேலே வரும், நடுவில் பாடியவரின் ஒரு சொல் விழுங்கப்பட்டிருக்கும். அது போனது போனதுதான். இரைச்சல் நீக்கும் வசதியையும் அளவோடு தொடுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் வெறும் இரைச்சலை மாதிரியாகக் காட்டி, 6 டெசிபல் குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் ஜால்ராவும் மூச்சும் காணாமல் போய்க் குரல் செத்துவிடும். என் கருத்தில் கொஞ்சம் இரைச்சல் இருப்பதே மேல். எதைச் செய்தாலும் தொடாத மூலப்பதிவு ஒன்றைத் தனியாக வைத்துவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

சேமிக்கும்போது எம்பி3-ஐ மூலமாக வைக்காதீர்கள், அது வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மட்டும். 60 நிமிட டேப் வேவ் கோப்பாக 600 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும், ஃபிளாக் ஆக்கினால் ஏறக்குறைய பாதியாகும், தரம் ஒரு துளியும் குறையாது. ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கிற பிள்ளையிடம். கோப்பின் பெயரில் தோட்டம், கோயில், வருடம், பாடியவர், வாசித்தவர் எல்லாம் எழுதுங்கள். கேசட் அட்டையில் எழுதியிருப்பதைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் பாடுகிறார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்களிடம் இந்த மாதமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள், டேப்பை விட அது அவசரம்.

வீட்டில் பழைய இசைத்தட்டும் இருந்தால் யூசிஏ 202-க்குப் பதிலாக அதே நிறுவனத்தின் யூஎஃப்ஓ 202 வாங்குங்கள், இசைத்தட்டுப் பெட்டியை நேராகச் செருக அதில் தனி வசதி இருக்கிறது, டெக்கைச் செருகும்போது பொத்தானை மாற்றிப்போட்டால் கேசட்டுக்கும் அதுவே ஆகும்.