நழுவும் குழல்: ரகசிய மோதிரப் படங்களுக்கு 70-300

“அண்ணாச்சி, பழைய 70-300 ஒண்ணு சல்லிசா வருது. சர்ப்ரைஸ் புரபோசல் எடுக்கத் தாங்குமா?” பாளையங்கோட்டைப் பக்கம் கேமரா தூக்குகிற பையன்கள் அடிக்கடி கேட்பது இது. 70-300 என்பது குவியத் தூரம் 70-லிருந்து 300 மி.மீ. வரை மாறும் ஜூம் லென்ஸ். சர்ப்ரைஸ் புரபோசல் என்றால் பையன் மண்டியிட்டு மோதிரம் நீட்டிக் கல்யாணத்துக்குக் கேட்பது, அதைப் பெண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து நின்று படமெடுக்க வேண்டும். எஃப்/4.5-5.6 (ஒளி நுழையும் துளையின் அளவு, எண் கூடினால் வெளிச்சம் குறைவு), ஏபிஎஸ்-சி பாடி (சிறிய சென்சார் கேமரா), அடாப்டர் என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என்னுடைய 70-300 இப்போதுதான் சர்வீஸிலிருந்து வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் சூடாகவே சொல்வேன்.

இந்த லென்ஸ் நழுவும். கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தால் போதும், கிணற்றில் விட்ட வாளி போல லென்ஸின் நீளும் குழல் தானாக 300 வரைக்கும் இறங்கி நிற்கும். லாக் பொத்தான் இருக்கிறது, ஆனால் 70-ல் மட்டும்தான் பூட்டும். ரகசியப் படத்துக்கு 70 எதற்கு ஆகும்?

கணக்கைப் பாருங்கள். பெண் சந்தேகப்படாமல் இருக்க 20 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் 300-ல் படுக்கைவாட்டுச் சட்டத்துக்குள் வருவது சுமார் ஒன்றரை மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும்தான். மோதிரமும் கையும் எடுக்க அருமை. இரண்டு பேரும் முழுசாக வர 135-லிருந்து 150-க்குள் இருக்க வேண்டும். நாம் காத்திருப்பது 135-ல். குழல் அதற்குள் தானாக 300-க்கு இறங்கியிருக்கும். பையன் மண்டி போடுகிறான், கேமராவைத் தூக்குகிறோம், வியூஃபைண்டரில் தெரிவது ஒரு சட்டைப் பொத்தான். திருப்பி 135-க்குக் கொண்டுவருவதற்குள் அவள் வாய்பொத்தி நின்ற அந்த ஒரு விநாடி போயிருக்கும். முழு நிகழ்ச்சியுமே அரை நிமிடம்தான்.

இதற்கு வைத்தியம் ரப்பர் பேண்ட். அகலமான சிலிகோன் கைவளை கிடைக்கிறதே, அதை ஜூம் வளையத்தின் மேல் பாதியும் அசையாத குழலின் மேல் பாதியுமாக மாட்டுங்கள். நழுவல் நிற்கும். ஆனால் திருப்புவது கனத்துப் போகும், 135-லிருந்து 300-க்குப் போக இரண்டு பிடி வேண்டியிருக்கும். காய்கறி கட்டும் மெல்லிய ரப்பர் வேண்டாம். வெயிலில் உருகி வளையத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நழுவலின் இன்னொரு தொல்லை மணல். குழல் நீளும்போதெல்லாம் உள்ளே காற்றை இழுக்கும். மணப்பாட்டிலும் குதிரைமொழித் தேரியிலும் ஆனி, ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செம்மணல் மாவு போன்றது, குழல் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். திருப்பினால் ‘கர்ர்’ என்று கேட்கும். கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். லென்ஸின் முகத்தைக் கீழே பார்க்கப் பிடித்து, புளோயரால் இடுக்கைச் சுற்றி ஊதி, பிறகுதான் சுருக்க வேண்டும். ஈரத்துணி தொடவே கூடாது. சர்வீஸ் சென்டரில் மணலை எடுத்துவிட்டார்கள், நியாயமாகச் சொன்னால் சுத்தமான வேலை. நழுவலைக் கேட்டால் “இந்த மாடலே அப்படித்தான் சார்” என்கிறார்கள். வந்த பிறகு முன்பைவிட வேகமாக நழுவுகிறது!

திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட முடியாது. கறுப்புக் குழல், எடை முக்கால் கிலோ அளவு. ஒன்றரைக் கிலோ எஃப்/2.8 லென்ஸ் தூக்கியவனைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இது துணிப்பையில் அடங்கும். ஃபோகஸ் மோட்டார் சத்தமே இல்லை. எலக்ட்ரானிக் ஷட்டரோடு சேர்ந்தால் பக்கத்தில் சுண்டல் தின்கிறவருக்குக்கூடத் தெரியாது. பீப், ஃபோகஸ் உதவி விளக்கு, எடுத்த படம் திரையில் மின்னுவது, மூன்றையும் அணைத்துவிடுங்கள். அந்த ஆரஞ்சு விளக்கு ஒருமுறை எரிந்தால் குட்டு உடைந்தது. இருட்டிய பிறகு எல்இடி விளக்கடியில் சத்தமில்லா ஷட்டர் கோடு கோடாகப் பட்டை போடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பகலில் ஷட்டர் 1/500, தொடர் ஃபோகஸ், பர்ஸ்ட் (அடுத்தடுத்துப் பல படம்). 300-ல் 20 மீட்டர் தூரத்துக்கு, எஃப்/5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இரண்டு முகமும் அதற்குள் வர, அவர்கள் கேமராவுக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மோதிரப் பெட்டி கேமராவுக்கு அப்பாலுள்ள கையில், நெஞ்சு உயரத்தில். இப்பாலுள்ள கை தாழ்ந்திருக்க வேண்டும். பதில் வந்ததும் எழுந்துவிடாமல் பத்து விநாடி மண்டியிலேயே இருக்கட்டும். மண்டி போடப் போகிறேன் என்ற சைகைக்கு அவன் கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவது நல்லது. போனில் மிஸ்டு கால் என்றால் டவர் கிடைக்காத இடத்தில் கதை முடிந்தது.

இடமும் வெளிச்சமும் இந்த எஃப்/5.6-ஐப் படுத்தும். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் மேற்கே மலை மறைப்பதால் காலண்டர் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு வெகுமுன்பே வெயில் போய்விடும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, 6400 என்று ஏறும். ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். உவரி, மணப்பாட்டில் மாலைச் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும். கடலைப் பார்த்து நாம் நின்றால் அவர்கள் முகத்தில் வெளிச்சம் விழும், ஆனால் நம் நிழல் நீண்டு அவர்கள் காலடி வரை போகாமல் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் நாட்களில் முன்கண்ணாடியைத் துடைத்தே பொழுது போகும். ஒளிந்துகொள்ள ஆகச் சிறந்த இடம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்தான். தை, மாசியில் அங்கே நீள லென்ஸோடு நிற்பவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் நாரையைப் பார்க்க வந்தவர்கள்.

பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் படங்களை அங்கேயே அழித்துவிடுங்கள். சரி என்றாலும் அவளும் சம்மதித்த பிறகுதான் ஸ்டேட்டஸ், இன்ஸ்டா எல்லாம். வீட்டில் சொல்வதற்கு முன் பெரியப்பா போனில் படம் வந்து நின்றால் பிறகு நடப்பதற்கு நாம் பொறுப்பில்லை.

கூர்மைக்கும் விலைக்கும் குறை சொல்ல இடமில்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் இதற்கென்றே வாங்குவதானால் வாங்காதீர்கள். உள்ளேயே ஜூம் ஆகும், நீளாத 70-200 எஃப்/4 கிடைக்கும்வரை பொறுங்கள். பொறுக்க முடியாதவர்கள் கடையிலேயே 135-ல் வைத்து, முகம் கீழே பார்க்கப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். இறங்கினால் அதைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.