வைல்ட் டர்க்கி 101: காட்டமான பர்பனைச் சுவைக்கும் முறை

பர்பன் என்பது மக்காச்சோளம் பிரதானமான அமெரிக்க விஸ்கி. அந்த வகையில் கென்டக்கியின் லாரன்ஸ்பர்க்கில் வடிக்கப்படும் வைல்ட் டர்க்கி 101-ஐ முதல் வாயிலேயே "வெறும் எரிச்சல்" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. நீண்ட நாள் குடித்துப் பார்த்ததில் சொல்கிறேன், அந்த எரிச்சலில் பெரும்பங்கு குடிக்கும் முறையால் வருவது.

101 என்பது அமெரிக்க புரூஃப் கணக்கு. அதில் பாதி, அதாவது 50.5 சதவீதம் ஆல்கஹால். தானியக் கலவையில் மக்காச்சோளம் 75, ரை என்னும் தானியம் 13, முளைகட்டிய பார்லி 12 சதவீதம். பீப்பாயில் ஊற்றும்போது பர்பனின் ஆல்கஹால் வீரியம் 62.5 சதவீதம் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது, இவர்கள் 57.5 சதவீதத்தில் ஊற்றுகிறார்கள். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் தண்ணீர் குறைவு. உட்புறம் கரியாகச் சுட்ட புது ஓக் பீப்பாயில் இறங்கிய சாரம் அதிகம் நீர்க்காமல் வருகிறது. அமெரிக்காவில் 750 மில்லி பெரும்பாலும் 30 டாலருக்குள் கிடைக்கும் பாட்டிலில் இந்த அடர்த்தி அபூர்வம்.

வாய் குறுகிய கிளாஸில் 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஒயினைப் போலச் சுழற்ற வேண்டாம். ஆல்கஹால் நெடி கிளம்பி மற்ற வாசனைகளை அமுக்கிவிடும். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் வனிலாவும் கேரமலும் தெளிவாகப் பிடிபடும். முதல் மிடறு அரை டீஸ்பூன் போதும். அது வாயைப் பழக்குவதற்கு மட்டும். ஒரு நிமிடம் கழித்து எடுக்கும் இரண்டாவது மிடறை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இனிப்பு முன்னால் வரும், நடுவில் ரையின் மிளகுக் காரமும் பட்டை வாசனையும், கடைசியில் ஓக்கின் துவர்ப்பு.

அப்போதும் காட்டமாக இருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். 30 மில்லிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி சேர்த்தால் 43 சதவீதத்துக்கு இறங்கும். எனக்குப் பிடித்த இடம் அதுதான். 8 மில்லியில் 40-ஐத் தொட்டுவிடும். மிளகுக் காரம் மங்கி, துவர்ப்புதான் மிஞ்சும். ஐஸ் வேண்டுமென்றால் பெரிய கட்டி ஒன்று. சில்லுகள் சீக்கிரம் கரைந்து சுவையைக் கெடுத்துவிடும்.

சைட் டிஷ்ஷில்தான் பலருக்கும் சறுக்குகிறது. மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு உணர்வியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. சில்லி சிக்கனுக்குப் பிறகு எந்த 101-உம் எரியத்தான் செய்யும். மசாலா போடாத வறுத்த முந்திரி நல்ல துணை.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் இந்த வீரியம் கார்க்கை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலை மாதக்கணக்கில் விட்டால் காற்றுப்பட்டு வாசனை மட்டுப்படும், சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

அளவில் கவனம் வேண்டும். நம் ஊரில் வழக்கமான 42.8 சதவீத விஸ்கியின் 60 மில்லி பெக்கில் சுத்த ஆல்கஹால் 25.7 மில்லி, இதில் 30.3. மூன்று பெக் என்று எண்ணிக் குடித்தால் உள்ளே போவது பழைய கணக்கில் மூன்றரை. 50 மில்லியாக அளந்து ஊற்றினால் பழைய பெக்குக்கு ஏறக்குறையச் சமம்.