காயலான் கடை இழைப்புளி: அமெரிக்க ஸ்டான்லியா, ஷெஃபீல்டு ரெக்கார்டா?

சென்னை மண்ணடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும், மரம் சீவும் பழைய இரும்பு இழைப்புளி தேடிப் போனால், பேரம் பேசும் அளவுக்குத் தகுதியோடு நிற்பவை இரண்டு பெயர்கள்தான். ஒன்று அமெரிக்காவில் செய்த ஸ்டான்லி பெய்லி. மற்றொன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்டு. வைத்திருந்து திரும்ப விற்பதுதான் நோக்கம் என்றால் ரெக்கார்டை வாங்குங்கள். ஸ்டான்லிதான் இங்கே அரிது. ஆனால் அரிது என்பது ஒன்று, விற்பது வேறு.

இரண்டுக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. 1931-இல் இழைப்புளி செய்யத் தொடங்கிய ரெக்கார்டு, ஸ்டான்லியின் வடிவத்தையே பின்பற்றியது. மாடல் எண்களையும் அப்படியே எடுத்து முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொண்டது. ஸ்டான்லி 5 இங்கே 05. இரண்டுமே 14 அங்குல நீளம், 2 அங்குல பிளேடு. கூராக்கினால் இரண்டும் தேக்கை ஒரே மாதிரிதான் சீவும்.

முதலில் ஒரு தவறான கணக்கைச் சரி செய்துகொள்ள வேண்டும்: பழசு என்றாலே அரிது ஆகிவிடாது. 4, 5 ஆகிய எண்களில் ஸ்டான்லி செய்து குவித்தவை ஏராளம். நூறு வயதானாலும் உலகச் சந்தையில் அவை சாதாரணச் சரக்குதான். உண்மையிலேயே அரிது என்றால் ஐந்தரை அங்குல நீளமே உள்ள எண் 1, அடுத்து ஏழு அங்குல எண் 2. அந்த அளவில் போலியும் வரும். ஆகவே அசலைக் கையில் எடுத்துப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பணத்தை எண்ண வேண்டாம்.

இன்னொரு பொறி, பெயர். பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடியான லீவர் கேப்பில் ஸ்டான்லி என்று இருந்தாலே அமெரிக்கச் சரக்கு என்று கடைக்காரர் விலையை ஏற்றுவார். 1930களின் பிற்பகுதியில் இருந்து ஸ்டான்லி ஷெஃபீல்டிலும் உற்பத்தி செய்தது. பிளேடிலோ அடிப்பாகத்திலோ இங்கிலாந்தில் செய்தது என்று இருந்தால் அதை ரெக்கார்டின் விலைக்கு மேல் கேட்க நியாயம் இல்லை. அமெரிக்கச் சரக்கின் வயதைப் பார்க்க பிளேடையும், அதன் மேல் ஒட்டி உட்காரும் தகடான கேப் அயர்னையும் கழற்றிவிட்டு, ஃபிராக்குக்குப் பின்னால் அடிப்பாகத்தில் வார்த்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஃபிராக் என்பது பிளேடு சாய்ந்து உட்காரும் பீடம். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்தால் அந்த அடிப்பாகம் 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது. லீவர் கேப்பின் துளை சிறுநீரக வடிவில் இருந்தால் அது 1933-க்குப் பிந்தியது. ஒரே இழைப்புளியில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், இரண்டு மூன்று உடைசல்களைக் கோத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பிளேடில் உள்ள முத்திரையை வயதுக்குச் சாட்சியாக எடுக்கவே கூடாது. தேய்ந்தால் முதலில் மாறுவது அதுதான்.

இனி என் தீர்ப்பைத் தீர்மானிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்: திருகாணி.

காயலான் கடைக்கு வரும் இழைப்புளி முழுசாக வருவது குறைவு. பின் கைப்பிடியின் ஆணி போயிருக்கும், அல்லது ஃபிராக்கை அடிப்பாகத்தோடு பிடிக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்று இருக்காது. சின்ன விஷயம், மண்ணடியில் ஒரு திருகாணி வாங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். முடியாது. ஸ்டான்லியின் ஃபிராக் திருகாணியும் கைப்பிடி ஆணியும் எண் 12, அங்குலத்துக்கு 20 மரை. விட்டம் ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர். லீவர் கேப் திருகாணி அங்குலத்தில் 32-இல் 9 பங்கு, 24 மரை. பிளேடை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்தின் மரை இதே அளவு, ஆனால் இடப்பக்கம் சுற்றுவது. இவை எதுவும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற அளவுகள் இல்லை.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. 5.5 மில்லிமீட்டர் துளை எம் 6-க்கு, அதாவது 6 மில்லிமீட்டர் மெட்ரிக் திருகாணிக்கு, கொஞ்சம்தான் சிறியது. லேத் பட்டறையில் எம் 6 டேப் விட்டு வார்ப்பிரும்பின் பழைய மரையை வெட்டிவிட்டு, பளபளவென்று ஒரு புது ஆணியைப் போட்டுத் தருவார்கள். இழைப்புளி வேலை செய்யும். சேகரிப்பவரிடம் மட்டும் அதன் மதிப்பு அந்த நிமிடத்தோடு முடிந்தது, ஏனென்றால் அசல் ஆணி பிறகு கிடைத்தாலும் அந்தத் துளையில் நிற்காது. வாங்கும் முன் ஒவ்வொரு ஆணியையும் கழற்றிப் பாருங்கள். அசல் ஆணியின் தலைப் பிளவு மெலிதாக, ஓரம் கூராக இருக்கும். ஆறுபட்டைத் தலையோ நட்சத்திரத் தலையோ இருந்தால் துளைக்குள் டார்ச் அடித்து மரையைப் பாருங்கள். எம் 6 மரை நெருக்கம், அதாவது 1 மில்லிமீட்டருக்கு ஒன்று. அசல் மரை 1.27 மில்லிமீட்டருக்கு ஒன்று. மரை கேஜ் வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

ரெக்கார்டின் மரையும் மெட்ரிக் இல்லைதான். வித்தியாசம் உதிரியில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்துப் பட்டறைகள் நிறைந்த ஊர் இது, இங்கே பழைய இரும்பில் ஷெஃபீல்டு சரக்குதான் அதிகம். அடிப்பாகம் உடைந்த ஒரு 05-ஐ எடைக்கு வாங்கி வைத்துக்கொண்டால் அதன் ஆணி, கைப்பிடி, லீவர் கேப் எல்லாம் இன்னொன்றை முழுசாக்கும். அமெரிக்க ஸ்டான்லிக்கு அப்படி ஒரு தானக்காரர் இங்கே சுலபத்தில் கிடைக்க மாட்டார். வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு திருகாணியை வரவழைக்கும் தபால் செலவு, சில சமயம் இழைப்புளியின் விலையையே தொட்டுவிடும். இங்கே அரிது என்பதே ஸ்டான்லிக்கு எதிராக நிற்கும் இடம் இது.

ரெக்கார்டில் கவனிக்க வேண்டியது எஸ்எஸ் வகை. அதன் கேப் அயர்ன் இரண்டு துண்டு. நுனித் துண்டு தனியாகக் கழன்று வரும், கழன்றால் தொலையும். அது இல்லாத எஸ்எஸ்ஸுக்கு எஸ்எஸ் விலை கொடுக்காதீர்கள். கைப்பிடி ரோஸ்வுட் என்றால் கூடுதல் மதிப்பு, சாயம் ஏற்றிய பீச் மரம் என்றால் பிந்தைய காலம்.

விரிசல் சோதனை இரண்டுக்கும் ஒன்றே. பிளேடு வெளியே நீட்டும் அடித்துளையான வாயின் நான்கு மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளையின் மேல் முடிபோல ஒரு ஈரக்கோடு விழும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இதில் தெரியும். பித்தளை ஒட்டு போட்ட மஞ்சள் கோடு தெரிந்தால் எடை விலைக்கு மேல் பேசாதீர்கள்.

துரு விஷயத்தில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கிடந்த சரக்குக்குத் தனிக் கவனம் வேண்டும். உப்புக் காற்று இரும்பைக் குழி குழியாகத் தின்னும். மேல்துரு போய்விடும், குழி போகாது. பிளேடின் பின்பக்கம், வெட்டு முனையை ஒட்டிக் குழி இருந்தால் எவ்வளவு சாணை பிடித்தாலும் முனை பொரிந்துகொண்டே இருக்கும். சுத்தம் செய்ய ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைஸ் ஸ்டீல் கம்பளியால் தேய்த்தால் போதும். சலவைச் சோடாவும் பேட்டரி சார்ஜரும் வைத்து மின்சாரத்தில் துரு எடுக்கும் முறை பிளேடுக்கு நல்லது. அடிப்பாகத்துக்கு வேண்டாம், அசல் பூச்சையும் சேர்த்து உரித்துவிடும். ஸ்டான்லியின் கறுப்பு ஜப்பான் பூச்சு எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்துத்தான் சேகரிப்பவர் விலை சொல்கிறார். ஸ்பிரே பெயின்ட் அடித்துப் புதுசாக்கியதை அவர் தொடவே மாட்டார். ரெக்கார்டு பெரும்பாலும் உழைக்கிறவர் கைக்குப் போவதால் நீலப் பூச்சு அங்கங்கே உரிந்திருந்தாலும் விலை அவ்வளவாகக் குறையாது. வைத்திருக்கும்போது தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை துடைப்பது நல்லது.

சில இழைப்புளிகளில் எம்எஸ்எம் என்று குத்தியிருக்கும். மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே 1908-இல் தொடங்கி 1951-இல் தெற்கு ரயில்வேயில் கலந்தது. எனவே அந்தக் குத்து, பொருளின் காலத்துக்கு ஒரு மேல் எல்லை போட்டுத் தருகிறது. ரயில்வே பொருள் என்பதால் ஏலத்தில் வந்த ரசீது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ரசீது இருந்தால் அந்தக் குத்தே விலையைக் கூட்டும்.

கடைசியாக, யாருக்கு விற்பது. அமெரிக்க ஸ்டான்லிக்கு நல்ல விலை தருகிறவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள கைவினைச் சான்றுகளையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மூன்று தேதி வார்த்த ஸ்டான்லி நூறைத் தாண்டிவிட்டது. அது அந்த வரையறையில் விழுமா என்பதைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டு, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே பார்சல் கட்டுவது பாதுகாப்பு. மிகப் பழைய ரெக்கார்டு இழைப்புளிக்கும் 2031 வரை இந்தக் கவலை கிடையாது. தவிர, அதை வாங்குபவர் ஊரிலேயே இருக்கிறார்: பர்னிச்சர் பட்டறைக்காரர், கையால் மரவேலை பழகும் இளைஞர், காசிமேட்டில் மரப்படகு வேலை செய்பவர். அவர்களுக்குத் தேதி முக்கியம் இல்லை. பிளேடின் நடுவில் உள்ள நீளத் துளைக்குக் கீழே ஒரு அங்குலமாவது மிச்சம் இருக்கிறதா, சக்கரம் லொடலொடக்காமல் சுற்றுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

விலை பேசும்போது எடையிலிருந்து ஆரம்பியுங்கள். எண் 5 இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், 22 அங்குல எண் 7 மூன்றரை கிலோவைத் தாண்டும். அன்றைய வார்ப்பிரும்புப் பழைய விலையோடு அதைப் பெருக்கினால் வருவது அடிமட்டம். ஆணி ஒன்று குறைந்த ஸ்டான்லி என்றால் அந்த அடிமட்டத்தை விட்டு அதிகம் நகராதீர்கள். எல்லா ஆணியும் அசலாக இருக்கும் 05 என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்டாலும் நான் வாங்குவேன்.