பெட் (PET) ஸ்கேனா, எலும்பு ஸ்கேனா?

இரண்டிலும் கதிரியக்க மருந்தை ஊசியில்தான் ஏற்றுவார்கள். உள்ளே நடப்பது வேறு.

பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் போன்ற மூலக்கூறில் கட்டிய ஃப்ளூரின்-18, பாசிட்ரானை வெளிவிடும். எலக்ட்ரானின் எதிர்த்துகள் அது: நிறை அதே, மின்னூட்டம் மட்டும் நேர். திசுவில் மில்லிமீட்டர் அளவே ஓடி, நம் உடலின் எலக்ட்ரான் ஒன்றோடு சேர்ந்து அழியும். இரண்டின் நிறையும் தலா 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட இரு ஃபோட்டான்களாகி (ஒளித்துகள்களாகி) எதிரெதிரே பறக்கும். வளையக் கருவி அவற்றை ஒருசேரப் பிடித்தால், அழிந்த இடம் பிடித்த இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டில்தான். அழகான ஏற்பாடு!

எலும்பு ஸ்கேனின் டெக்னீசியம்-99எம் தருவது 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர், ஒற்றையாக. திசையறிய ஈயத் துளைத்தட்டு வேண்டும். பெரும்பாலான கதிர் அதிலேயே நின்றுவிடும். படம் தெளிவு குறைவு.

ஆனால் டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 6 மணி. மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியம் தரும் ஜெனரேட்டரிலிருந்து மருத்துவமனையிலேயே கறந்துகொள்ளலாம். ஃப்ளூரினுக்கு 110 நிமிடம்தான். அதைத் தயாரிக்கும் துகள் முடுக்கியான சைக்ளோட்ரான் வெளியூரில் இருந்து, அங்கிருந்து மதுரை வர நாலு மணி நேரமானால் கால்பங்குகூட மிஞ்சாது.

எலும்பு ஸ்கேனுக்குப் பட்டினி வேண்டாம், தண்ணீர் நிறையக் குடித்தால் போதும். பெட் ஸ்கேனுக்கு 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. ஜிகர்தண்டா, பருத்திப்பால் கூடவே கூடாது. முந்தைய நாள் திருப்பரங்குன்றம் மலையேறினாலும் தசைகள் மருந்தை இழுத்துப் படத்தைக் குழப்பும்.