0.79: என் ஐ5-8400-க்கு ஏழரை

அக்கா மகன் நேற்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பிக் கேட்டான். "மாமா, ஐ5-8400 சிஸ்டம் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. 16 ஜிபி ரேம். நீங்களும் அதானே வெச்சிருக்கீங்க, வாங்கலாமா?"

"தாராளமா வாங்கு" என்று அடித்தேன். அழித்தேன். "பக்கத்துலயே போகாதே" என்று அடித்தேன். அதையும் அழித்துவிட்டு, காலையில் சொல்றேன்டா என்று படுத்துவிட்டேன்.

ஐ5-8400 என்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறைப் பிராசஸர், கம்ப்யூட்டரின் மூளை. என்னுடையது 2018 ஜூலையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒவ்வொரு பார்ட்டாகப் பேரம் பேசி வாங்கி அசெம்பிள் செய்த மெஷின். கணக்குப் பார்த்தால் இப்போது ஏழரை வருஷம். வார்த்தையைக் கவனிக்கவும். திருவல்லிக்கேணியில் மாடி அறை, ஏசி கிடையாது, புத்தக லேஅவுட்தான் பிழைப்பு. முதல் ஐந்தரை வருஷம் அந்தப் பிராசஸரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. மே மாத வெயிலில் நான் அறையை விட்டு ஓடியிருக்கிறேன், அது ஓடியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் ஓதம், ஷூவுக்குள் பூஞ்சை. மாடி என்பதால் மெஷினுக்குள் தண்ணீர் போகவில்லை. கரண்ட் வந்ததும் ஆன் செய்தேன். விண்டோஸ் லோகோவுக்குக் கீழே வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் டெஸ்க்டாப் வந்தது. நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவன். க அடித்து ஒ அடித்தால் கொ வரவேண்டும். அன்றைக்கு க மட்டும் வந்து நின்றது. ஒரு பெருமூச்சு விட்டால் கொ ஆனது. 480 பக்க நாவலுக்கு பிடிஎஃப் எடுக்க இரண்டு நிமிஷம் பிடிப்பது வழக்கம். அன்று பதினொன்று. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. டிசம்பரில் லேஅவுட்காரனிடம் பதிப்பாளர்கள் எந்தக் குரலில் பேசுவார்கள் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை வேகமே 2.8 உள்ள சிப் அது, ஆறு கோரும் வேலை செய்தால் 3.8 வரை போகும். விசேஷம் என்னவென்றால், மெஷின் திணறிக்கொண்டிருக்கும்போதும் பயன்பாடு 28 சதவீதம் என்றுதான் காட்டியது. சிப்பில் முக்கால்வாசி சும்மா கிடக்கிறதே, அப்புறம் என்ன கேடு என்று நினைத்தேன். விண்டோஸ் 10 அந்த சதவீதத்தை அடிப்படை வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. 0.79-ஐ 2.8-ஆல் வகுத்துப் பாருங்கள், 28 வரும். அந்த வேகத்தில் அதற்கு மேல் காட்ட முடியாது, அதாவது அது உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தது.

முதல் கடையில் ஃபார்மட் போட்டார்கள். பத்து வருஷமாகச் சேர்த்த தமிழ் ஃபான்ட்டுகளை மறுபடி ஏற்ற ஒரு நாள் போனது, வேகம் அதே 0.79. இரண்டாவது கடையில், பிராசஸரின் சூட்டை வெளியே கடத்துகிற பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று புதுப் பேஸ்ட் தடவினார்கள். வெப்பம் 36 டிகிரி காட்டுகிற பிராசஸருக்கு எதற்குப் பேஸ்ட் என்று கேட்டதற்கு, "சார், நீங்களே பாத்துக்குங்க" என்று பதில். பவர் பிளானை நூறுக்கு ஏற்றியது, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை டீஃபால்ட்டுக்குத் திருப்பியது, போர்டிலிருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றியது எல்லாம் நானே செய்தது, எதுவும் பலிக்கவில்லை. மூன்றாவது கடைக்காரர் மெஷினைத் திறக்காமலே "போர்டு வேஸ்ட், புது சிஸ்டம் போட்டுடுங்க" என்றார். பாதி சரியாகச் சொன்னவர் அவர்தான் என்பது இன்றுவரை எரிச்சலாக இருக்கிறது.

உருப்படியான துப்பு கிடைத்தது, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில். கர்னல் பிராசஸர் பவர், எண் 37: பிராசஸரின் வேகத்தை ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள் இருக்கும் மென்பொருள், கட்டுப்படுத்துகிறது என்று வரிசையாக எழுதி வைத்திருந்தது. பிறகு த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். அதில் பிடி பிராக்ஹாட் என்ற கட்டம் சிவப்பாக எரிந்தது. பிராசஸருக்குச் சூடு ஏறினால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒரு கம்பி உண்டு, அதுதான் பிராக்ஹாட். பிடி என்பது இருவழி. அதே கம்பியைப் போர்டும் இழுக்கலாம். இழுத்தால் பிராசஸர் கேள்வி கேட்காது, அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நூறு மெகாஹெர்ட்ஸ் பெருக்கல் எட்டு, எண்ணூறு. யாரோ "தீ" என்று கத்தினார்கள், இது படியிறங்கித் தெருவில் போய் நின்றுகொண்டது.

பிடி பிராக்ஹாட் டிக்கை எடுத்தேன். 0.79 இருந்த இடத்தில் 3.79. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பாதி ராத்திரியில் கை தட்டினேன், கீழ்வீட்டு நாய் குரைத்தது.

கத்தியது யார் என்று கண்டுபிடித்தது ரிச்சி ஸ்ட்ரீட் பக்கச் சந்தில் சிப் லெவல் சர்வீஸ் செய்கிற ஒரு பையன். லென்ஸுக்கு அடியில் போர்டை வைத்து என்னையும் பார்க்கச் சொன்னான். பிராசஸருக்குப் பவர் கொடுக்கிற காயில்களுக்குப் பக்கத்தில், அரிசி நொய்யைவிடச் சின்னதாக, சூட்டை அளக்கிற ஒரு தெர்மிஸ்டர். அதன் இரண்டு முனைக்கும் நடுவே பல்லி எச்சம் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. "சூடானா இதோட ரெசிஸ்டன்ஸ் குறையும் சார். ஈரம் பட்டு இந்த அழுக்கு வழியா கரண்ட் லீக் ஆனாலும் குறையும். போர்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்தான். அறுநூறு ரூபாய். ஃபார்மட்டுக்கும் பேஸ்ட்டுக்கும் கொடுத்ததைவிடக் குறைவு.

அதோடு முடிந்திருந்தால் அக்கா மகனுக்கு நேற்றே பதில் போயிருக்கும். 2024 ஐப்பசியில் மழை பிடித்ததும் மறுபடி 0.79. ஈரம் போர்டுக்குள்ளேயே எங்கோ இறங்கிவிட்டது என்றான் பையன். போன ஐப்பசியிலும் அதே கதை. இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் வீட்டம்மாவின் ஹேர் டிரையர். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் தூரத்திலிருந்து காட்டி, ஆறவிட்டு ஆன் செய்தால் நான்கைந்து நாள் ஒழுங்காக ஓடும். சூடு சூடு என்று பொய் சொல்கிற போர்டின் வாயை அடைக்க, அதைச் சூடாக்க வேண்டியிருக்கிறது.

ஹேர் டிரையருக்கு நேரமில்லாத நாளில் த்ராட்டில்ஸ்டாப்தான். லாகின் ஆனதும் தானாக ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அது எழுந்திருக்கும் வரை எண்ணூறு மெகாஹெர்ட்ஸ்தானே? தினமும் அந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு உறுத்தலும் உண்டு. டிக்கை எடுத்தாலும் பிராசஸர் தன் சொந்தச் சூட்டை, நூறு டிகிரி எல்லையை, தானே பார்த்துக்கொள்ளும். காயில்கள் நிஜமாகவே கொதித்தால்தான் கேட்க ஆளில்லை. பெரிய ஃபைலுக்கு பிடிஎஃப் எடுக்கும்போது கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறேன். பல்லிக்கு அது இன்னொரு வாசல்.

நியாயமாகப் பார்த்தால் பிராசஸர்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் மூடுவிழா நடந்தபோது என் நண்பரின் ஏழாம் தலைமுறை மெஷினை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்தியது, என்னுடையதை உள்ளே விட்டது. வருகிற புத்தகக் காட்சி வேலையும் இதில்தான் போகப்போகிறது.

காலையில் அக்கா மகனுக்கு எழுதினேன்: "வாங்காதே. எட்டாம் தலைமுறைக்குப் புது போர்டு தேடி அலைய உனக்கு நேரம் இருக்காது. பிடிவாதமா வாங்கறதா இருந்தா, ஆன் பண்ணிக் காட்டச் சொல்லு. சதவீதத்தைப் பாக்காதே, வேகத்தைப் பாரு. ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்னா எழுந்து வந்துடு."

உடனே பதில் வந்தது. "சரி மாமா. அப்ப உங்களோடதை எனக்குக் குடுத்துடறீங்களா?"

முடியாதுடா என்று அடித்தேன். இந்தத் தடவை அழிக்கவில்லை.