சூவோ விரைவு ரயில்: கிரீன் கார் ஏறலாமா, சாதாரணப் பெட்டியே போதுமா?

டோக்கியோவின் மேற்குப் புறநகரிலிருந்து காலையில் ஷிஞ்சுகு, டோக்கியோ நிலையங்களுக்குப் போகிறவர்களுக்கு 2025 மார்ச் முதல் இரண்டு வழிகள். 12 பெட்டி ரயிலில் 4, 5ஆம் பெட்டிகள் மாடி வைத்த கிரீன் கார்கள், அதாவது வசதியான இருக்கை உள்ள உயர்வகுப்புப் பெட்டிகள். மற்றவை சாதாரணப் பெட்டிகள்.

கிரீன் காருக்குப் பயணக் கட்டணம் போகக் கூடுதல் தொகை உண்டு. சுய்கா என்ற மின்னணுப் பண அட்டையில் 50 கி.மீ. வரை 750 யென், அதற்கு மேல் 100 கி.மீ. வரை 1,000. மேற்கே உள்ள தகாவோவிலிருந்து ஷிஞ்சுகு போனால் 750தான். டோக்கியோ வரை போனால் 53.1 கி.மீ. ஆகிவிடுவதால் 1,000. ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். வண்டிக்குள் வாங்கினால் 50 கி.மீ.க்கே 1,010 யென். இருக்கைக்கு மேலுள்ள கருவியில் சுய்காவைத் தொட்டால் சிவப்பு விளக்கு பச்சையாகும். இடம் மாறினால் மறுபடி தொட வேண்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: இது முன்பதிவு அல்ல. இருக்கை நிரம்பியிருந்தால் நிற்க வேண்டியதுதான், நின்றாலும் கட்டணம் உண்டு. பக்கத்துக்கு 2 கதவுகளே என்பதால் இறங்க நேரமாகும். நிலையம் வருமுன் எழுந்துவிடுங்கள்.

சாதாரணப் பெட்டியில் பக்கத்துக்கு 4 கதவுகள். உட்கார வேண்டுமானால் தொயோதா, முசாஷி-கொகனெய் போன்ற இடங்களில் புறப்படும் வண்டியைப் பிடித்து, அந்த நிலையத்திலேயே ஏறுங்கள். நடுவில் ஏறினால் கதவோரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே நகருங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள். காலையில் டோக்கியோ பக்கத்து முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும்.

கிரீன் காருக்கு 750 யென் வீதம் மாதம் 20 காலைகளுக்கு 15,000 யென். தாச்சிகாவாவுக்கு மேற்கே ஏறி நெடுந்தூரம் போகிறவருக்கு அது தகும். ஷிஞ்சுகுவுக்குப் பக்கமான மிதாகாவில் ஏறுகிறவருக்கு வீண்செலவு.