கென்யா பள்ளிக்குத் தொண்டுப் பயணம் என்று பணம் கட்டுவதற்கு முன்

பெரம்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண ஏற்பாட்டாளர், நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவச் சபை நடத்தும் பள்ளிக்குத் தொண்டர்களை அழைத்துப் போவதாகச் சொல்லி, வரும் ஏப்ரலுக்கு மறுபடியும் ஆள் சேர்த்து வருகிறார். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து ஆலய இளைஞர் குழுக்களுக்கு அவருடைய துண்டறிக்கை வந்து சேர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு அவர் மூலம் போய்வந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விமானக் கட்டணம் நீங்கலாகத் தலைக்கு 1,20,000 ரூபாய் வாங்கினார். அதில் பாதி பள்ளியின் மதிய உணவுக்கும் புத்தகங்களுக்கும் போய்ச் சேரும் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார். எங்களோடு வந்த ஒரு பெண்ணின் அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். மகளை அனுப்புவதற்காக வளையலை அடகு வைத்தார். எங்கேயோ இருக்கும் பிள்ளைகள் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடட்டும் என்று மனமுவந்து கொடுத்த பணம் அது. ரசீதிலோ பள்ளியின் பெயரும் இல்லை, உணவு என்ற பேச்சும் இல்லை. "நிர்வாகக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று மட்டுமே இருந்தது.

கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று பருவங்களாக நடக்கிறது. முதல் பருவம் ஏப்ரலில் முடிந்து, அடுத்த பருவத்துக்கு ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் திறக்கிறார்கள். நம் கல்லூரிகளின் விடுமுறைக்கு ஏற்பத் தேதி குறித்த ஏற்பாட்டாளருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்புகளே நடக்கவில்லை. எங்களுக்காக வீடுகளிலிருந்து பிள்ளைகளைச் சீருடையோடு வரவழைத்து பெஞ்சுகளை நிரப்பியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு என்று சொல்லப்பட்ட அறையில் கரும்பலகையில் நான் எழுதிய கூட்டல் கணக்குகளை ஒரு சிறுவன் எழுதி முடிக்கும் முன்பே வாய்விட்டுச் சொன்னான். விசாரித்தால் அவன் நான்காம் வகுப்பு. மாலையில் அவனுடைய அம்மா வந்து, எங்களுக்கெல்லாம் கைகொடுத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சிறுவனின் படம்தான் இந்த ஆண்டுத் துண்டறிக்கையில் "பெற்றோரை இழந்த பிஞ்சு" என்ற வாசகத்தோடு வந்திருக்கிறது. பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளையை அநாதை என்று அச்சடித்துக் காசு கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கென்யாவின் 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, குழந்தையைப் பற்றிய விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

பாடம் நடத்த வேலை இல்லாததால் சுவருக்கு வண்ணம் பூசச் சொன்னார்கள். ஜன்னலோரம் உரிந்திருந்த இடத்தில் நீலத்துக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை, அந்தப் பச்சையில் யாரோ பதித்துவிட்டுப் போன கைத்தடம். வரும் குழு ஒவ்வொன்றும் அதே சுவருக்குத்தான் பூசியிருக்கிறது. பின்புறம் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு இல்லை.

தலைமையாசிரியை கணக்கு நோட்டை எங்கள் முன் விரித்து வைத்தார். ஏற்பாட்டாளர் பெயரில் இருந்தவை பிஸ்கட்டும் சில பந்துகளும்தான். மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைக்கும் கிதேரி என்ற மதிய உணவு, பெற்றோர் அன்றாடம் கொடுக்கும் சில்லறையிலும் சபையின் காணிக்கையிலும்தான் நடக்கிறது. "ஆட்களை அனுப்ப வேண்டாம், இங்குள்ள இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் கிடைத்தால் போதும்" என்று அவர் சொன்னதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும். அந்தப் பள்ளியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்களைப் போலவே அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "சுற்றுலான்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர், ஸ்கூல்னு வாயையே திறக்காதீங்க" என்று புறப்படும் முன் ஏற்பாட்டாளர் எங்களுக்குப் பாடம் சொன்னார். 2024 ஜனவரி முதல் கென்யா விசாவை நீக்கி மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்திருக்கிறது என்றாலும், சம்பளமில்லாத தொண்டுக்கும் அந்நாட்டில் தனி அனுமதி வேண்டும். அகப்பட்டிருந்தால் சிக்கல் எங்களுக்குத்தான், அவருக்கு அல்ல. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அந்தச் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாள் கழித்தே செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்புகிறவரை இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஆலயத்தில் செவிலியராக இருக்கும் ஓர் அக்கா எச்சரித்ததால் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டோம்.

எனவே யாரிடமும் பணம் கட்டும் முன் பள்ளியின் தலைமையாசிரியரிடமே நேரடியாகப் பேசுங்கள்: அந்த வாரம் வகுப்பு நடக்கிறதா, சென்ற முறை எவ்வளவு பணம் வந்தது, உண்மையில் அவர்களுக்கு ஆள் வேண்டுமா. தலைமையாசிரியரின் தொலைபேசி எண்ணைத் தர மறுக்கும் ஏற்பாட்டாளரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

ஏற்பாட்டாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க இருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரே பாதிப்புக்குள்ளான பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் கொடுக்கலாம். இவரிடம் பணம் கட்டியவர்கள் ரசீதையும் துண்டறிக்கையையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருந்து எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.